ஒரு ஆள் பிடிக்க, ஒரு ஆள் இழுக்க

மன்னிப்பா? ஞானசிகாமணி என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றானா? அவன் வாயாலேயே சொன்னானா, இல்லை நீயாகக் கிளம்பி வந்தாயா? வாயாலே சொன்னான் என்றால் உட்கார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை. இதில் உட்கார்.

முப்பத்தேழு வருஷம். பரவாயில்லை, இப்போதாவது தோன்றியதே. டாக்டர் இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டார், அதற்குள் தாண்டவராயனைக் கூட்டிக்கொண்டு வா என்று படுக்கையில் கிடந்து நச்சரிக்கிறான் என்கிறாய். வருகிறேன். வரமாட்டேன் என்று சொன்னேனா? சட்டை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? உன் வண்டிக்காரரை ஹாரன் அடிக்காமல் இருக்கச் சொல். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

எதற்கு மன்னிப்பு என்று உன்னிடம் சொன்னானா? என்ன சொன்னான்? போல்ட் மாறிப்போய்விட்டது, அதனால் தாண்டவராயன் வாழ்க்கை கெட்டது என்றானா? அவ்வளவுதானா? அவ்வளவுதான் சொல்லுவான். உன் அப்பா எதையும் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவான். அவன் இவன் என்கிறேன் என்று வருத்தப்படாதே, பியூலா. ஒரே பேட்ச். ஒரே நாளில் மொட்டை அடித்து, ஒரே நாளில் காக்கி மாட்டினோம். அவனை அவர் என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

நடந்ததை முழுசாகக் கேள். நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவன் கண்ணை மூடுவதற்கு முன்னால் அவன் பெண்ணுக்காவது தெரியட்டும். ஐந்து நிமிஷம். இரு, மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன், தொட்டி வழிகிறது.

ம். எங்கே விட்டேன்?

நாங்கள் ஆயுதப்படை. ஸ்டேஷன் போலீஸ் வேறு, நாங்கள் வேறு. கேஸ் எழுத மாட்டோம், ரைட்டர் வேலை கிடையாது. கவாத்து, பந்தோபஸ்து, கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து அடைப்பது, அவ்வளவுதான். எட்டாவது படித்தவனுக்கு அது போதும். எந்த ஜில்லா என்று கேட்காதே. அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

எங்களுக்குக் கொடுத்திருந்தது த்ரீ நாட் த்ரீ. பட்டாளத்தில் சண்டை போட்டுக் களைத்துப்போன துப்பாக்கி, அங்கே வேண்டாம் என்றதும் போலீசுக்கு வந்தது. என்னுடையது எனக்கு மூத்தது. மரக்கட்டை முழுக்கத் தழும்பு. ஆனால் சுட்டால் கேள். இருநூறு கெஜத்தில் ஐந்து குண்டும் ஒரு சாத்துக்குடி அகலத்துக்குள் போகும். நான் சொல்லவில்லை, குழிக்குள் உட்கார்ந்து டார்கெட்டைப் பார்க்கிறவன் சொல்லுவான். ஜில்லாவிலேயே சுடுவதில் நான் ஒன்று, உன் அப்பா இரண்டு. சில நாள் அவன் ஒன்று. சில நாள்தான்.

போல்ட் என்றால் தெரியுமா? கைப்பிடி வைத்திருக்கும், பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் ரவுண்டு, அதாவது தோட்டா, குழலுக்குள் போகும், அந்த இரும்புத் தண்டு. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதன் போல்டை அராவி அராவி அதற்கென்றே பொருத்தியிருப்பார்கள். துப்பாக்கி நம்பரும் போல்ட் நம்பரும் ஒன்று. என்னுடையது நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு. மாற்றிப் போட்டால் போகும், சுடும்கூட. ஆனால் போடக் கூடாது. மூஞ்சியில் வெடித்தாலும் வெடிக்கும்.

அந்த வருஷம் எங்கேயோ துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று மேலே இருந்து ஒரு உத்தரவு வந்தது. துப்பாக்கி தனியாக இருக்க வேண்டும், போல்ட் தனியாக இருக்க வேண்டும். ஆயுத அறையில் ஒரு இரும்புப் பெட்டி செய்து, உள்ளே பலகையில் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஓட்டை நம்பர் எழுதி வைத்தார்கள். காலையில் துப்பாக்கி வாங்கும்போது போல்டை மாட்டிக் கொடுப்பார்கள். சாயந்திரம் திருப்பிக் கொடுக்கும்போது கழற்றி ஓட்டையில் வைப்பார்கள். அந்தப் பெட்டிச் சாவி யாரிடம்? உன் அப்பாவிடம். ஆயுத அறை அவன் பொறுப்பு. நம்பர் பார்த்து வாங்குவது அவன் வேலை. இதை நினைவில் வைத்துக்கொள்.

அந்தக் கோடையில் மாநிலப் போட்டி வருகிறது என்று சொன்னார்கள். ஜில்லாவிலிருந்து நாலு பேர். அங்கே போய் மெடல் வாங்கினால் பரீட்சை இல்லை, சீனியாரிட்டி இல்லை, நேராக ஏட்டு. ஏட்டு ஆனால் இரண்டு ரூம் வீடு. போலீஸ் லைனில் எங்கள் வீடு ஒரே ரூம். என் வீட்டுக்காரிக்கு மூச்சிரைப்பு. அடுப்பும் அதே ரூமில்தான். விறகுப் புகையில் அவள் இருமினால் பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தட்டுவான். உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது நாலு வயசு. அவள் உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு இருமுவாள். எனக்கு அந்த இரண்டு ரூம் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். மெடலைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு.

செலக்ஷனுக்கு ஆறு வாரம் இருக்கும்போது பழகப் போனோம். முதல் ஐந்து ரவுண்டு சுட்டேன். குழியிலிருந்து கொடி ஆட்டுகிறான். கொடி ஆட்டினால் டார்கெட்டிலேயே படவில்லை என்று அர்த்தம். எனக்குக் கொடி ஆட்டுகிறான்! ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்று மேலே, ஒன்று இடது ஓரம், ஒன்று எங்கே என்றே தெரியவில்லை. ஐந்தும் ஐந்து வீட்டுக்குப் போயிருக்கிறது.

உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, "என்னலே தாண்டவா, ராத்திரி சாப்பிடலியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கேட்டது. இப்போதும் கேட்கிறது.

முதலில் ரவுண்டு சரியில்லை என்று நினைத்தேன். பழைய சரக்கு, ஈரம் பட்டிருக்கும். வேறு பெட்டி உடைத்து வாங்கிச் சுட்டேன். அதே கதை. பிறகு முன் குறியைப் பார்த்தேன். குழல் நுனியில் சின்னதாக ஒரு தகடு நிற்கும், அது ஆடுகிறதா என்று நகத்தால் தள்ளிப் பார்த்தேன். ஆடவில்லை. பின் குறி, அதுவும் கெட்டி. ஸ்க்ரூ எல்லாம் முறுக்கினேன். அடுத்த நாள் சுட்டேன். அதே.

சாப்பாடு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்வேன், எழுந்தால் நடப்பேன். வீட்டுக்காரி, "அந்த இரும்பையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து போ" என்றாள். இருமிக்கொண்டேதான் சொன்னாள்.

பிறகு மரத்தைச் சந்தேகப்பட்டேன். மரம் ஊதிவிட்டால் குழலைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளும். ஒரு தாளை எடுத்துக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவில் விட்டு இழுத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் பிடித்தது. ஆகா, இதுதான் என்று உப்புத்தாள் வாங்கி வந்து தேய்த்தேன். அது அரசாங்கத் துப்பாக்கி, நான் தேய்க்கக் கூடாது. தேய்த்தேன். தாள் வழுக்கிக்கொண்டு போனது. மறுநாள் சுட்டேன். முதல் குண்டு நடுவில். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவதுக்குக் கொடி.

எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஒன்றைத் தவிர. குழல். குழலைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஏன் என்றால் அந்தக் குழலை நான் வைத்திருந்த மாதிரி எவனும் வைத்திருக்கவில்லை. மற்றவன் சுட்டு முடித்ததும் இரண்டு இழுப்பு இழுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். நான் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவுவேன், பிறகு கயிறு. கயிற்றின் ஒரு நுனியில் பித்தளைக் குண்டு இருக்கும், மறு நுனியில் எண்ணெய்த் துணி. குண்டைப் பின்பக்கமாக உள்ளே போட்டு, முன்னால் குழல் வாயில் வந்ததும் பிடித்து இழுக்க வேண்டும். மற்றவனுக்கு இரண்டு. எனக்கு ஐம்பது. சுடாத நாளிலும் ஐம்பது. துணி போதாது என்று கம்பி வலையும் சுற்றி இழுப்பேன். உள்ளே பார்த்தால் கண்ணாடி. எஸ்.பி. அய்யா ஒரு தடவை என் குழலுக்குள் பார்த்துவிட்டு, "இதைப் பார்த்து எல்லாரும் கத்துக்கணும்" என்றார். கவாத்து மைதானத்தில், நூற்றிருபது பேர் முன்னால்.

சட்டப்படி அதை இரண்டு பேர் செய்ய வேண்டும். ஒரு ஆள் துப்பாக்கியை ஆடாமல் பிடிக்க, ஒரு ஆள் நேராக இழுக்க. ட்ரெயினிங்கில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். என் துப்பாக்கியை இன்னொருத்தன் கையில் எப்படிக் கொடுப்பேன்? இவன் கீழே போடுவான், அவன் வியர்வைக் கையால் தொடுவான். நான் தனியாகத்தான் செய்வேன். கட்டையைத் தரையில் ஊன்றி, இரண்டு பாதத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கயிற்றைக் கையில் சுற்றி இப்படி... இப்படி, தோள் பக்கமாக இழுப்பேன். பழகிவிட்டது.

உன் அப்பா பார்த்துக்கொண்டே நிற்பான். "ஏ தாண்டவா, நான் பிடிச்சுக்கிடுதேன், நீ நேரா இழுலே" என்பான். ஒரு தடவை இல்லை, மூன்று நாலு தடவை சொல்லியிருக்கிறான். எனக்குத் தெரியாதா அவன் எதற்கு வருகிறான் என்று? போட்டிக்கு நாலு பேர்தான். நான் இல்லை என்றால் அவன் முதல் ஆள். "உன் வேலையைப் பாரு சிகாமணி, எனக்குக் கை ரெண்டு இருக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்காது.

என்ன பார்க்கிறாய்? காபி போடவா? வேண்டாம் என்றால் வேண்டாம்.

செலக்ஷனுக்கு முந்தின நாள். இனிமேல் பார்க்க எது மிச்சம்? போல்ட். என் போல்ட் தேய்ந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு. பக்கத்தில் தார்ப்பாயில் காசிலிங்கம் என்று இன்னொரு கான்ஸ்டபிள், அவன் துப்பாக்கி கிடந்தது. அவனைக் குழிக்கு டார்கெட் பார்க்க அனுப்பியிருந்தார்கள். அவன் போல்டைக் கழற்றி என்னுடையதில் மாட்டினேன். என்னுடையதை அவனுடையதில் போட்டேன். ஐந்து ரவுண்டு சுட்டேன். ஒன்றும் ஆகவில்லை, பழைய கதைதான். திருப்பி மாட்டுவதற்குள் லாரி வந்துவிட்டது, ஏறு ஏறு என்று விசில். மாற்றிப் பார்ப்பது ஒரு தப்பா, சொல்? கோளாறைத் தேடுகிறவன் எல்லாவற்றையும்தான் மாற்றிப் பார்ப்பான்.

ஆயுத அறைக்கு வந்தோம். உன் அப்பா ஜன்னலில் நிற்கிறான். ஒவ்வொருத்தன் போல்டையும் கழற்றி, நம்பரை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, ஓட்டையில் வைக்கிறான். காசிலிங்கத்துடையதை அவன் சரியாகப் பார்க்கவில்லை, நாங்கள் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது, கூட்டம். என் முறை வந்தது. என்னுடையதை அவன் பார்க்கவே இல்லை. "உன் துப்பாக்கியைப் போய் நான் பார்க்கவா" என்று அப்படியே நாலாயிரத்து நானூற்றுப் பதினேழாம் ஓட்டையில் வைத்தான். வைத்தது யார்? அவன். பார்க்க வேண்டியது யார்? அவன். நான் என்ன சொன்னேன் உன்னிடம், நினைவில் வைத்துக்கொள் என்றேனே, இதற்குத்தான்.

மறுநாள் செலக்ஷன். பத்து ரவுண்டில் நாலுக்குக் கொடி. நான் பதினாறாவது ஆள். உன் அப்பா முதல் ஆள். காசிலிங்கம்கூட ஆறாவது வந்தான்.

அங்கேயே, மைதானத்திலேயே, ஆர்.ஐ. அய்யா முன்னால் போய் நின்றேன். ரிசர்வ் இன்ஸ்பெக்டர், எங்களுக்கு அவர்தான் எல்லாம். "அய்யா, என் துப்பாக்கியைக் கெடுத்துட்டாங்க" என்றேன். "யார்யா கெடுத்தது?" "சாவி யார்கிட்ட இருக்கோ அவங்களைத்தான் கேக்கணும் அய்யா." அவ்வளவுதான் சொன்னேன். பேர்கூடச் சொல்லவில்லை.

ஆர்.ஐ. துப்பாக்கியை வாங்கினார். முதலில் போல்டைக் கழற்றி நம்பரைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. காசிலிங்கத்துடையதை வாங்கிப் பார்த்தார். அதில் என்னுடையது. "யோவ் ஞானசிகாமணி! இங்க வாய்யா! இவன் மூஞ்சி செதறியிருந்தா உங்க அப்பனா வந்து பதில் சொல்லுவான்?" என்று கத்தினார். மைதானமே திரும்பிப் பார்த்தது.

எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. லாரி வந்தது, விசில் அடித்தது, நான் திருப்பி மாட்டவில்லை என்பது ஞாபகம் வரவில்லை. இல்லை, வந்தது. வந்தது, ஆனால் அவர் கத்திக்கொண்டிருக்கிறாரே, குறுக்கே எப்படிப் பேசுவது? ஆர்.ஐ. பேசும்போது கான்ஸ்டபிள் குறுக்கே பேசினால் தெரியும்தானே? கத்தி முடிக்கட்டும் என்று நின்றேன். அவர் முடிப்பதற்குள் உன் அப்பா, "கவனிக்கலே அய்யா, என் தப்புதான்" என்று சொல்லிவிட்டான். இரண்டு வார்த்தை. சொன்னேன் இல்லையா, அவன் எப்போதும் இரண்டு வார்த்தை. அவனே ஒப்புக்கொண்ட பிறகு நான் என்ன சொல்வது?

போட்டிக்கு அவனை அனுப்பவில்லை. ஆயுத அறைச் சாவியை வாங்கிவிட்டார்கள். பத்து நாளில் மலை மேல் ஒரு அவுட் போஸ்டுக்கு மாற்றல். பள்ளிக்கூடம் கிடையாது, பஸ் ஒரு நாளைக்கு ஒன்று. சாமானை லாரியில் ஏற்றினார்கள். நீ மேலே மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு எங்கள் வீட்டைப் பார்த்துக் கையை ஆட்டினாய். நான் உள்ளே போய்விட்டேன். வெயில்.

அங்கே உனக்கு ஜுரம் வந்து... ஆமாம், கேள்விப்பட்டேன். காது போனதும் கேள்விப்பட்டேன். ஒரு காதுதானே? இந்தக் காதா? அப்படியென்றால் இந்தப் பக்கம் வந்து உட்காருகிறேன். இவ்வளவு நேரம் சொன்னது கேட்டதா? கேட்டதா. சரி.

அதன் பிறகு இரண்டு வாரம் கழித்து ஆர்மரர் வந்தார். வகாப் பாய். வருஷத்துக்கு ஒரு தடவை தலைமை இடத்திலிருந்து வந்து ஒவ்வொரு துப்பாக்கியாகச் சோதிப்பார். என்னுடையதை வாங்கி, போல்டைப் பார்த்தார், சரியான போல்ட். குறியைப் பார்த்தார். மரத்தைப் பார்த்துவிட்டு, "எவன் இதை உப்புத்தாள் போட்டுத் தேச்சது?" என்றார். பிறகு ஒரு ரவுண்டை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, குண்டின் மூக்கைக் குழல் வாயில் வைத்தார். நல்ல குழலாக இருந்தால் குண்டு நட்டுக்குத்தாக நிற்கும், சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கும். என்னுடையதில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சாய்ந்த பக்கத்தில் நகம் போகிற அளவுக்குச் சந்து.

"விரலை வெச்சுப் பாரு" என்றார். வைத்தேன். குழல் வாயின் வலது ஓரத்தில் ஒரு பள்ளம். கிணற்று மேடைக் கல்லில் கயிறு போய்ப் போய் வழவழவென்று ஒரு தடம் விழுந்திருக்குமே, அதே மாதிரி.

"கயிறு அறுத்திருக்கு" என்றார். "கயித்துல மண்ணு ஒட்டும். மண்ணோட சேந்து இரும்பை அறுக்கும். குண்டு வெளியே வர்ற எடம் இதுதான், இது கோணலாப் போனா அப்புறம் உள்ள கண்ணாடி மாதிரி இருந்து என்ன பிரயோஜனம்? நீ எந்தப் பக்கமா இழுப்பே?"

"நேராத்தான் பாய் இழுப்பேன்."

"ஆள் புடிச்சாங்களா?"

ஆறு வாரமாகவே சுடவில்லை என்பதை மட்டும் சொன்னேன்.

"உன் சிநேகிதனை மலைக்கு அனுப்பிட்டாங்களாமே. போல்ட் மாறினதால சுடலைன்னு. போல்ட் மாறுறதுக்கு முன்னாடியே ஆறு வாரமா சுடலைன்னு நீயே சொல்ற." நோட்டைத் திறந்தார். "குழல் தேய்மானம்னு மட்டும் எழுதறேன். யார் கை, எந்தக் கயிறுன்னு எழுத மாட்டேன். நீயே போய் உங்க அய்யாகிட்ட சொல்லிடு."

போனேன். போகவில்லை என்று நினைக்காதே. அன்றைக்கே போனேன். ஆர்.ஐ. ரூம் வாசலில் விறைத்து நின்றேன். அவர் தலையைத் தூக்கி, "என்னய்யா?" என்றார். "ஒரு நாள் லீவு வேணும் அய்யா" என்றேன். கொடுத்தார். அந்த லீவில் நான் எங்கேயும் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் இருமிக்கொண்டிருந்தாள்.

சொல்லியிருந்தால் மட்டும்? போன லாரி திரும்பி வருமா? போட்டி முடிந்துவிட்டது. மெடல் வேறு எவனோ வாங்கிவிட்டான். என் துப்பாக்கியைக் கழித்துக் கட்டிவிட்டார்கள். வேறு ஒன்று கொடுத்தார்கள். அதில் நான் சாத்துக்குடி அகலத்துக்குச் சுட்டதே இல்லை. ஏட்டும் ஆகவில்லை. ஒரு ரூமிலேயே அவள் போய்ச் சேர்ந்தாள்.

உன் அப்பா மேல் எனக்கு என்ன கோபம் தெரியுமா? போல்ட் இல்லை. போல்டை நான்தான் மாற்றினேன், எனக்குத் தெரியாதா? அவனுக்குத் தெரியும். அதுதான் கோபம். நேராக இழு, நேராக இழு என்று அவன்தானே சொன்னான்? கயிறுதான் காரணம் என்று அவனுக்கு அன்றைக்கே தெரியும். மைதானத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அய்யா, அவன் கயிறு இழுக்கிறதைப் பாருங்க' என்று. நான் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன், அவன் என்னை இரண்டு அறை அறைந்திருப்பான், அன்றோடு முடிந்திருக்கும். சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு பழியை வாங்கிக்கொண்டு போனான். பெரிய மனுஷன். அவன் நல்லவன், நான் அயோக்கியன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு கார்டு போடுவான். கார்டைப் பார்த்தாலே கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். ஒன்றைக்கூட நான் பிரித்துப் படிக்கவில்லை. என்னைக் குத்திக்காட்டத்தான் போடுகிறான் என்று...

இரு.

அவன் உன்னிடம் என்ன சொன்னான்? திரும்பச் சொல். அதே வார்த்தையில் சொல்.

'நான் போல்டை மாத்தி வெச்சதாலதான் அவன் சுடலை' என்றா? 'மாத்தி வெச்சதால' என்றா சொன்னான்? அவன் மாற்றி வைத்ததாகவா?

கயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா? நன்றாக யோசித்துச் சொல். ஒன்றுமேயா?

அப்படியென்றால் அவனுக்குத் தெரியாது. அந்த மடையனுக்குத் தெரியவே தெரியாது. நேராக இழு என்று சொன்னது வெறுமனே சொன்னது. ட்ரெயினிங்கில் சொன்னார்கள், அவனும் சொன்னான். அந்த ஆறு வாரமும் தன் கையால்தான் கெட்டது என்று நினைத்துக்கொண்டு மலைக்குப் போனான். முப்பத்தேழு வருஷம்... சே. என்ன வெயில் இந்த வீட்டில். ஃபேனைக் கூட்டு.

பார், பியூலா. நான் வந்து என்ன ஆகப்போகிறது? ஒன்றரை மணி நேரம் வண்டியில் வர வேண்டும். எனக்கு முட்டி வேறு வலிக்கிறது. நீ போய்ச் சொல். தாண்டவராயன் மன்னித்துவிட்டான் என்று சொல். அவன் மனசில் ஒன்றும் இல்லை, நிம்மதியாக இருக்கச் சொன்னான் என்று சொல். அவனுக்கு வேண்டியது அதுதானே? கேட்டதைக் கொடுத்தாயிற்று. சாகிறவனிடம் போய் இதையெல்லாம் கிளறுவது பாவம் இல்லையா? நீ கிறிஸ்தவப் பெண், உனக்குத் தெரியாததா? மன்னித்துவிட்டான். இரண்டு வார்த்தை. அவனுக்குப் பிடித்த மாதிரி.

என்ன, எழுந்துவிட்டாய்? போ, போய்ச் சொல்.

என்ன சொல்லப்போகிறாய்? எல்லாவற்றையுமா? எதற்கு எல்லாவற்றையும்? நான் உன்னிடம் சொன்னேன், உன் அப்பாவிடமா சொன்னேன்?

நில், நில். என்னவென்று சொல்வாய், எங்கே சொல் பார்க்கலாம்.

...கயிறு அறுந்து போனதால் துப்பாக்கி சுடவில்லையா? யார் சொன்னது கயிறு அறுந்தது என்று? இவ்வளவு நேரம் என்ன கேட்டுக்கொண்டிருந்தாய்? கயிறு அறுந்து போகவில்லை, அறுபடவில்லை... கயிறு இரும்பை அறுத்தது. இரும்பை! குழல் வாயில், வலது ஓரத்தில். அவன் ஆறு வருஷம் ஆயுத அறை பார்த்தவன். நீ போய்க் கயிறு அறுந்தது என்று சொன்னால் அவனுக்கு என்ன விளங்கும்? எந்தக் கயிறு என்பான். எந்தப் பக்கம் என்பான். குண்டை வைத்துப் பார்த்தார்களா என்று கேட்பான், கட்டாயம் கேட்பான். என்ன பதில் சொல்வாய்? பாதி விளங்கி பாதி விளங்காமல் அதையே நினைத்துக்கொண்டு கிடப்பான். அதற்கு எதுவும் தெரியாமலே இருக்கலாம்.

உன்னால் முடியாது. நகரு. அந்தக் கதவை இழுத்துச் சாத்து, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடலாம். வண்டியில் நான் முன்னால்தான் உட்காருவேன். பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றும். வழியில் என்னிடம் பேச்சுக் கொடுக்காதே. வண்டிக்காரரையும் பாட்டுப் போட வேண்டாம் என்று சொல். போய்ச் சேருவதற்குள் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நான் யோசிக்க வேண்டும்.